முள்ளுக்கு முன் திறப்பு: புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட் ஒன்றை விவரிக்கும் முறை

1830களில் எஹ்ரன்பெர்க் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் சிக்கிமுக்கிக் கல்லைச் சன்னமான சில்லுகளாக உடைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கிரெட்டேசியஸ் காலக் கடலடியில் உருவான கல் அது. உள்ளே நுண்ணிய உருவங்கள் கிடந்தன. சிலவற்றில் இடுப்பைச் சுற்றி ஓடும் பள்ளமும் தட்டுகளும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றைப் பெரிடினியம் என்ற, உயிரோடு அறியப்பட்டிருந்த டைனோஃபிளாஜெல்லேட் (சாட்டையிழையால் நீந்தும் நுண்ணிய ஒருசெல் உயிரி) பேரினத்தில் வைத்தார். அது சரியான முடிவு. அதே கல்லில் முள் முளைத்த உருண்டைகளும் இருந்தன. அவற்றை சாந்திடியம் என்ற நன்னீர்ப் பச்சைப்பாசியோடு சேர்த்துவிட்டார். இரண்டும் ஒரே வகை உயிரின் எச்சங்கள் என்பது நிலைபெற 120 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் பெயர்கள் மாறின. இவை பாசி இல்லை என்று கண்ட மாண்டெல் 1850இல் ஸ்பினிஃபெரைட்டிஸ் என்ற பேரினப் பெயரைத் தந்தார். அது மறக்கப்பட்டது. 1933இல் ஓட்டோ வெட்ஸல் ஹிஸ்ட்ரிக்கோஸ்பேரா என்று பெயரிட்டார். அதன்பின் உருண்டையாக, முள்ளோடு, கரிமச் சுவரோடு எது கிடைத்தாலும் அது ‘ஹிஸ்ட்ரிக்கோஸ்பியர்’ ஆனது. முள் இருக்கிறதே என்று பலாவையும் ஊமத்தங்காயையும் ஒரே குடும்பத்தில் வைத்ததற்கு ஒப்பான வேலை அது.

1961இல் வில்லியம் எவிட் இந்த முடிச்சை அவிழ்த்தார். இந்த உருண்டைகள் பலவற்றில் ஒரு ஓட்டை இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடைசல் என்று விட்டிருந்தார்கள். எவிட் அந்த ஓட்டையின் விளிம்பைப் பார்த்தார். நேர்க்கோட்டுப் பக்கங்கள், குறிப்பிட்ட கோணங்கள், ஒரு சிற்றினத்தின் மாதிரிகளில் எல்லாம் ஒரே இடம். டைனோஃபிளாஜெல்லேட்டின் மேலோட்டிலுள்ள ஒரு தட்டு எந்த வடிவத்தில், எந்த இடத்தில் இருக்குமோ அதே வடிவம், அதே இடம். முட்களும் தட்டு எல்லைகளை ஒட்டியே நின்றன. ஆக இவை ஓய்வுக் கூடுகள், அதாவது சிஸ்டுகள். உள்ளே தங்கியிருந்த செல் வெளியேறிய வாசல்தான் அந்த ஓட்டை. அதற்கு ஆர்க்கியோபைல் என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் வால், டேல் இருவரும் கடலடி வண்டலிலிருந்து உயிருள்ள சிஸ்டுகளை எடுத்து முளைக்க வைத்தார்கள். ஸ்பினிஃபெரைட்டிஸ் வகைக் கூடுகளிலிருந்து கோனியாலாக்ஸ் செல்கள் நீந்தி வெளியே வந்தன.

புதிய சிற்றினத்தை விவரிக்க உட்காரும் ஒருவர் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு வரிசை: முதலில் திசை, பிறகு திறப்பு, பிறகு தட்டமைப்பு, பிறகு சுவர், கடைசியில்தான் முள். கண்ணை முதலில் இழுப்பது முள்தான் என்பதால் பெரும்பாலான பலவீனமான விவரணைகள் தலைகீழாக எழுதப்படுகின்றன. முள்ளைப் பற்றி பத்து வரி இருக்கும்; ஆர்க்கியோபைல் பற்றி ‘தெளிவாகத் தெரியவில்லை’ என்று ஒரு வரி இருக்கும். அப்படி ஒரு சிற்றினத்தை நிறுவவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நுண்ணோக்கிக்கு வரும் முன்பே காரியம் கெட்டுப்போக நிறைய வழி உண்டு. டைனோஸ்போரின் என்ற சிஸ்ட் சுவர்ப்பொருள் அமிலத்துக்கு அசையாது, ஆனால் ஆக்சிஜனேற்றத்துக்கு அஞ்சும். ஆகவே கல்லைத் தேர்வதிலேயே கவனம் வேண்டும். சாம்பல் அல்லது கருஞ்சாம்பல் நிறக் களிக்கல், வண்டற்கல் நல்லது. வெயிலிலும் மழையிலும் மஞ்சள் பழுப்பேறியது பயன்படாது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் களிப்படுகைகளில், குறிப்பாகக் காரைப் பகுதியில், மேல்மண் அரித்து ஜிப்சம் கீற்றுகளோடு கிடக்கும். அங்கெல்லாம் மேலே கிடப்பதை அள்ளிப் பையில் போடாமல், நிறம் மாறாத உட்பகுதி வரை வெட்டி எடுக்க வேண்டும். ஆழ்துளைக் கல் கிடைத்தால் இன்னும் மேல்.

களிக்கல் என்றால் 10 முதல் 20 கிராம் போதும். சுண்ணாம்புக்கல்லுக்கு 50 கிராம் வரை தேவைப்படும். வெளிப்பரப்பைச் சுரண்டிக் கழுவி, சில மில்லிமீட்டர் துண்டுகளாக உடைக்க வேண்டும். பொடியாக அரைத்தால் சிஸ்டும் உடையும். முதலில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், நுரைப்பது நிற்கும்வரை. பிறகு நடுநிலை வரும்வரை கழுவுதல். இந்தக் கழுவலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கால்சியம் மிச்சமிருந்தால், அடுத்து ஊற்றும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். சிலிக்கேட்டைக் கரைக்க 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். புகைப்போக்கி அறை, தடித்த கையுறை, முகக்காப்பு, கையெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு ஆகியவை இல்லாத இடத்தில் இந்தப் படியைத் தொடவே கூடாது. தோலில் பட்டவுடன் வலிக்காமலிருக்கலாம், ஆனால் அது எலும்பு வரை இறங்கும் அமிலம். அதன்பின் வெதுவெதுப்பான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் ஃபுளோரைடு வண்டலைக் கரைத்துக் கழுவி, 10 அல்லது 15 மைக்ரான் நைலான் சல்லடையில் சலிக்கலாம்.

நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்யும் பழக்கம் மகரந்த ஆய்விலிருந்து வந்தது. அதைச் செய்தால் ஸ்லைடு அழகாகத் தெளியும், ஆனால் புரோட்டோபெரிடினியம் வகையின் பழுப்பு நிறச் சிஸ்டுகள் மெலிந்து காணாமல் போகும். மிச்சமிருப்பதைப் பார்த்து ‘இந்தப் படுகையில் இவைதான் இருந்தன’ என்று எழுதினால், அது அமிலம் எழுதிய முடிவு. மீயொலித் தொட்டியிலும் அளவு தேவை. சில நொடிகளைத் தாண்டினால் முள்நுனிகள் உடையும். நுனி எப்படிக் கிளைக்கிறது என்பதே அடையாளமாக உள்ள பேரினத்தில் அது பெரிய இழப்பு.

சாஃப்ரனின் சாயம் சேர்ப்பது சுவரை எடுத்துக்காட்டும். அதில் இன்னொரு நன்மை உண்டு. பழைய பாறையிலிருந்து அரித்து வந்து இளைய படிவில் கலந்த சிஸ்டுகள் பெரும்பாலும் சாயத்தை வேறு விதமாக ஏற்கும். ஒரே ஒரு மாதிரி மட்டும் நிறம் மாறித் தெரிந்தால், புதுச் சிற்றினம் கிடைத்துவிட்டது என்று மகிழும் முன் அது வந்தேறியா என்று பார்க்க வேண்டும்.

இனி நுண்ணோக்கி. நூறு மடங்கு எண்ணெய்ப் பொருளருகு வில்லை, முடிந்தால் நிறமற்ற பொருளின் விளிம்புகளைப் புடைத்துக் காட்டும் நோமார்ஸ்கி அமைப்பு. ஸ்பினிஃபெரைட்டிஸையே கையில் எடுத்துக்கொள்வோம். முட்டை வடிவ மைய உடல், நுனி கிளைத்த முட்கள், முட்களின் அடியை இணைக்கும் தாழ்வான வரம்புகள். முதல் வேலை எது மேல், எது கீழ், எது முதுகு, எது வயிறு என்று தீர்மானிப்பது. இந்தப் பேரினத்தில் ஆர்க்கியோபைல் சிங்குலம் என்ற இடுப்புப் பள்ளத்துக்கு மேலே உள்ள வரிசையின் மூன்றாம் தட்டு விழுந்து உண்டானது. அந்தத் தட்டு முதுகுப்புறத்தின் நடுவில் உள்ளது. திறப்பு கிடைத்தால் முதுகு கிடைத்தது. சிங்குலம் திறப்புக்குக் கீழே என்பதால் மேலும் கீழும் கிடைத்தன.

இடம் வலம்தான் ஏமாற்றும். சிஸ்ட் கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது. மேல் குவியத்தில் வெளிப்பரப்பைப் பார்க்கிறோம். குவியத்தைத் தாழ்த்தினால் அடிப்பரப்பை உள்ளிருந்து பார்க்கிறோம். அங்கே இடமும் வலமும் மாறிவிடும். சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கோனியாலாக்ஸ் உறவினங்களில் சிங்குலம் இறங்குமுகமாகச் சுற்றும். அதன் தொடக்க முனை செல்லின் இடப்பக்கத்தில் உயரமாகவும், முடியும் முனை வலப்பக்கத்தில் தாழ்வாகவும் இருக்கும். நுனி மேலே இருக்க, வயிற்றுப்புறத்தை வெளியிலிருந்து பார்த்தால், பார்ப்பவரின் வலக்கைப் பக்க முனை உயர்ந்து தெரிய வேண்டும். இடக்கைப் பக்கம் உயர்ந்து தெரிந்தால் நீங்கள் முதுகு வழியாக ஊடுருவி வயிற்றைப் பார்க்கிறீர்கள். படக்குறிப்பில் ‘வயிற்றுப்புறம், முதுகுப் பார்வையில், தாழ் குவியம்’ என்று எழுதிவிட்டால் படிப்பவருக்குக் குழப்பமில்லை. நுண்ணோக்கி பிம்பத்தை அரைவட்டம் திருப்புவது பிரச்சினையே இல்லை, அதில் இடம் வலம் கெடாது. கெடுப்பது கேமரா மென்பொருளின் ‘கண்ணாடிப் பிம்பம்’ தேர்வு. ஸ்லைடு லேபிளில் உள்ள ஓர் எழுத்தைப் படம் எடுத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

திசை தெரிந்த பிறகு தட்டுகளை எண்ணலாம். கோஃபாய்ட் 1907, 1909 ஆண்டுகளில் வகுத்த முறையில், மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக, வயிற்றுப்புறத்தின் இடப்பக்கத்தில் தொடங்கி முதுகு வழியாகச் சுற்றி வர வேண்டும். கோனியாலாக்ஸ் வகையின் பொது அமைப்பு: நுனியில் 4, சிங்குலத்துக்கு மேல் 6, சிங்குலத்தில் 6, அதற்குக் கீழ் 6, பின் இடைத்தட்டு 1, அடித்தட்டு 1. இவை போக, வயிற்றுப்புறத்தின் நெடும்பள்ளமான சல்கஸில் சிறு தட்டுகள். ஸ்பினிஃபெரைட்டிஸில் சிங்குலத்துக்கு மேலான ஆறாம் தட்டு முக்கோணமாக, சல்கஸின் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அது கண்ணில் பட்டுவிட்டால் மீதியைக் கணக்கிட்டே பிடித்துவிடலாம்.

முள் இங்கேதான் உரிய இடத்தில் வந்து பேசத் தொடங்கும். மூன்று தட்டுகள் சந்திக்கும் மூலையில் நிற்கும் முள்ளின் நுனி மூன்றாகப் பிரியும். இரண்டு தட்டுகளின் எல்லைக்கோட்டின் நடுவில் நிற்பது இரண்டாகப் பிரியும். தட்டமைப்பு புரியாதவருக்கு ‘முட்கள் சில மூன்று கிளை, சில இரண்டு கிளை’ என்று மட்டுமே எழுத முடியும். புரிந்தவருக்கு அது முழு வரைபடம். மூலைமுட்கள் மட்டுமா, எல்லைமுட்களும் உண்டா, இரு மூலைகளுக்கு நடுவே எத்தனை என்பதுதான் சிற்றினத்தைப் பிரிக்கும் கேள்வி. ஸ்பினிஃபெரைட்டிஸ் மிராபிலிஸில் எல்லைமுட்கள் ஏராளம். அடியில் இரு முட்களை இணைத்து ஒரு சவ்வு விரிந்திருக்கும். ஹைபெராகாந்தஸிலும் எல்லைமுட்கள் உண்டு, அந்தச் சவ்வு இல்லை. மிராபிலிஸ் நுனியோ அடியோ நம் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் சவ்வு தெரியாது. அப்படிப்பட்டவற்றை வலிந்து ஒரு பெயரில் தள்ளாமல், இரண்டையும் சேர்த்து ஒரு தொகுப்பாக எண்ணுவதே நேர்மை.

பேரின எல்லையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஸ்பினிஃபெரைட்டிஸில் முள்ளடிகளை வரம்புகள் இணைக்கும், அகோமோஸ்ஃபேராவில் இணைக்காது. வரம்பு அரை மைக்ரான் உயரமே இருக்கும்போது சாதாரண ஒளியில் அது இல்லை என்றே தோன்றும். கல்லில் சரியாகப் பாதுகாக்கப்படாமல் கிடைத்தால் ஒரு ஸ்பினிஃபெரைட்டிஸ் பேரினமே மாறிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இங்கே கட்டாயம். நெமாடோஸ்ஃபெரோப்சிஸ் பிரச்சினை தராது. அதில் முள்நுனிகளை இழைகள் ஒன்றோடொன்று கட்டியிருக்கும்.

அளவீடு சுருக்கமாக. மைய உடலின் நீளமும் அகலமும் முள் நீங்கலாக, சுவர்த் தடிப்பு, முள் நீளம். நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் முள் குட்டையாகத் தெரியும் என்பதால், விளிம்பில் கிடைமட்டமாகத் தெரியும் முட்களை மட்டும் அளக்க வேண்டும். குறைந்தது 20 முதல் 30 மாதிரிகள். சிறுமம், சராசரி, பெருமம் மூன்றும் தர வேண்டும். முள் நீளம் உடலின் குறுகிய விட்டத்தில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் ப்ராக்ஸிமேட், 30 வரை ப்ராக்ஸிமோகோரேட், அதற்கு மேல் கோரேட் என்று சொல்வது வழக்கம். வசதியான சொற்கள்தான். ஆனால் ஒரே சிற்றினம் இந்த எல்லைகளைத் தாண்டி விழலாம். ஆகவே இதை வகைப்பாட்டு எல்லையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் இதற்குச் சான்று. இன்றும் வாழும் லிங்குலோடினியம் பாலிஎட்ராவின் சிஸ்ட் அது. கோகினோஸ், ஆண்டர்சன் இருவரும் 1995இல் ஆய்வுக்கூட வளர்ப்பில் அது உருவாவதைக் கவனித்து எழுதினார்கள். ஒரே வளர்ப்பிலேயே முள் நீண்டவை, குட்டையானவை, குமிழ்நுனி கொண்டவை, முள்ளே இல்லாதவை என எல்லாம் வந்தன. 2009இல் மெர்டென்ஸும் உடன் ஆய்வாளர்களும் உலகின் பல கடல்களின் மேல்வண்டலில் அதன் முள் நீளத்தை அளந்து, அது கடல்நீரின் உப்புத்தன்மையோடும் வெப்பத்தோடும் சேர்ந்து மாறுவதைக் காட்டினார்கள். உப்புக் குறைந்த கருங்கடல், பால்டிக் பக்கம் முள் குட்டை. இந்த உயிர் அழிந்துபோயிருந்து, இந்த வடிவங்கள் மூன்று படுகைகளில் தனித்தனியாகப் புதைபடிவமாகக் கிடைத்திருந்தால், முள்ளை நம்பியவர்கள் மூன்று சிற்றினங்களை நிறுவியிருப்பார்கள். உப்பளவின் பதிவு பரிணாமத்தின் பதிவாக எண்ணப்பட்டிருக்கும்.

அப்படியானால் திறப்பு மட்டும் முழு நம்பிக்கைக்கு உரியதா? எந்தத் தட்டு திறந்தது என்பது உறுதியான பண்பு. அந்தத் திறப்பின் விகிதங்களும் மூலை வளைவுகளும் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. 2015இல் வில்லியம்ஸ், டமாஸா, ஃபென்சம், கெர்ஸ்டைன் நால்வரும் பேலியோஜீன் காலத்து வெட்ஸெலியெல்லா துணைக்குடும்பத்தை ஆர்க்கியோபைல் வடிவத்தை முதன்மையாக வைத்துத் திருத்தியமைத்தார்கள். பேலியோசீன், இயோசீன் எல்லையின் வெப்ப உச்சத்தைக் காட்டும் அபெக்டோடினியம் அகஸ்டம், ஆக்சியோடினியம் அகஸ்டம் ஆனது. 2017இல் பெய்லும் பலரும் சேர்ந்து இதை மறுத்து எழுதினார்கள். நான் நடுவில் நிற்கிறேன். திறந்த தட்டு எது என்பது பேரின மட்டத்தில் எடை உள்ளது. திறப்பின் அகல உயர விகிதத்தை அந்த மட்டத்துக்கு ஏற்றுமுன், ஒரே மாதிரித் தொகுதிக்குள் அது எவ்வளவு மாறுகிறது என்று எண்ணிக் காட்ட வேண்டும். மூடி, அதாவது திறப்பிலிருந்து விழும் தட்டு, பாதி ஒட்டியிருக்கும் நிலையும் அமுங்கி நசுங்கிய நிலையும் வடிவத்தை மாற்றிவிடும்.

போதுமான மாதிரிகள், ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளிலிருந்து கிடைத்து, அறிந்த சிற்றினங்களுக்கும் இவற்றுக்கும் நடுவே இடைவடிவங்கள் இல்லாதபோதுதான் புதுப் பெயர். இல்லையென்றால் ‘ஸ்பினிஃபெரைட்டிஸ், சிற்றினம் அ’ என்று விட்டுவிடலாம். அதில் குறைவொன்றும் இல்லை. 1973இல் தொடங்கிய லென்டின், வில்லியம்ஸ் பெயர்ப்பட்டியலையும் அதன் வலைத்தள வடிவமான டைனோஃப்ளாஜ் தொகுப்பையும் அலசாமல் பெயரைத் தேர்ந்தால், 1960களில் யாரோ வைத்த பெயரையே மறுபடி வைப்பது நேரும். ஸ்பினிஃபெரைட்டிஸ் ராமோசஸ் என்ற சிற்றினத்தின் வடிவங்களுக்கு 1966இல் டேவி, வில்லியம்ஸ் இருவரும் தந்த வகைப்பெயர்கள் மட்டுமே ஒரு கொத்து உண்டு.

பெயர் செல்லுபடியாக பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின் நிபந்தனைகள் பொருந்த வேண்டும். 1996 முதல் புதைபடிவங்களுக்கு விவரணை லத்தீன் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வேறு மொழியில் எவ்வளவு விரிவாக எழுதினாலும் பெயர் நிற்காது. ஹோலோடைப், அதாவது பெயருக்கு நிலையான சான்றாக நிறுத்தப்படும் ஒற்றை மாதிரி, எது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 2001 முதல், தரப்படும் படங்களில் ஒன்றாவது அந்த ஹோலோடைப்பின் படம் என்று குறிக்கப்பட வேண்டும். பேரினம் மாறினால் பெயரின் ஈறும் மாறும்: சாந்திடியம் ராமோசம், ஹிஸ்ட்ரிக்கோஸ்பேரா ராமோசா, ஸ்பினிஃபெரைட்டிஸ் ராமோசஸ் மூன்றும் ஒரே உயிர்தான்.

ஹோலோடைப்பைத் தேர்வதில் ஒரு சபலம் உண்டு. முள்ளெல்லாம் முழுசாக விரிந்த, படத்துக்கு எடுப்பான மாதிரியை எடுக்கத் தோன்றும். அதில் மூடி இன்னும் திறக்காமலிருந்தால் அதை விட்டுவிட்டு, இரண்டு முள் உடைந்தாலும் திறப்பும் சிங்குலமும் தெளிவாக உள்ளதை எடுங்கள். மற்றதைப் பாராடைப்பாக, அதாவது துணைச் சான்று மாதிரியாக, வைக்கலாம். முதுகிலிருந்து வயிறு வரை ஐந்தாறு குவிய மட்டங்களில் படம் எடுத்து அதே வரிசையில் அச்சிடுங்கள். கிளிசரின் ஜெல்லியில் பதித்த ஸ்லைடில் ஓரம் சரியாக மூடப்படாவிட்டால், ஆண்டுகள் போகப் போக ஜெல்லி காய்ந்து சிஸ்ட் நகரும், சிதையும். ஹோலோடைப்புக்கு நிலையான பிசின் நல்லது. ஒரு சிஸ்ட் மட்டும் உள்ள தனி ஸ்லைடானால் மிக நல்லது. பல சிஸ்டுகள் உள்ள ஸ்லைடு என்றால் இடக்குறிப்பை உங்கள் நுண்ணோக்கி மேடையின் அளவுகோலில் மட்டும் தராதீர்கள், அது இன்னொரு நுண்ணோக்கியில் பொருந்தாது. இங்கிலாந்து ஃபைண்டர் என்ற கட்டமிட்ட கண்ணாடியின் எழுத்தும் எண்ணும் உட்பிரிவும் தர வேண்டும். லேபிள் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்து. மீதமுள்ள எச்சத்தைக் குப்பியில் அடைத்து, முடிந்தால் உடைக்காத கல்லின் ஒரு துண்டோடு, அதே நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். ஹோலோடைப் சிதைந்தால், அதே மாதிரியிலிருந்து புதிய வகைமாதிரி தேர்ந்தெடுக்க அந்தக் குப்பி உதவும்.